காலை ஏழு மணிக் கோளாறு

சேசுராஜ் முப்பத்தோரு வருடமாக ஜூஹுவில் ஒரு விமானப் பயிற்சிக் கூடத்தில் மெக்கானிக். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து விடியுமுன் கிளம்பினால்தான் முதல் விமானத்தைத் தயார் செய்ய முடியும். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் கூடுதல்.

சிறிய விமானத்தின் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். அவற்றுக்குப் பொறி தர இரண்டு மேக்னெட்டோ. பறக்குமுன் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் வேகம் சற்றுக் குறையலாம். உதறினால் திரும்பிவிட வேண்டும்.

போன அக்டோபரில் செம்பூரிலிருந்து வரும் மாணவி ஹரிதா மூன்று முறை அப்படித் திரும்பி வந்தாள். இடது மேக்னெட்டோவில் உதறுகிறது என்றாள். சேசுராஜ் மற்ற வேலைகளை முடித்து ஒன்பது மணிக்கு மேல் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஓட்டுவார். எஞ்சின் சீராக ஓடும்.

“பெட்ரோல அள்ளி ஊத்தி ஓட்டுனா பிளக்கு கரி புடிக்கத்தான் செய்யும் மேடம். இது ஸ்கூட்டி இல்ல.”

“நீங்க சொன்ன மாதிரிதான் குறைச்சு ஓட்டினேன், அங்கிள்.”

“அப்போ பிளக்கு பொய் சொல்லுதோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாணவர் புகார் என்றால் மாணவர் கையைக் குறை சொல்வது அங்கே வழக்கம். மூன்று முறையும் பதிவேட்டில் ‘ஓட்டியவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று வரியால் அவள் நெடுந்தூரம் தனியாகப் பறக்கும் அனுமதி தள்ளிப்போனது. பயிற்சியை முடிக்க அப்பா தீபாவளிவரைதான் கெடு கொடுத்திருந்தார். தீபாவளிக்குப் பிறகு அவள் வரவில்லை.

டிசம்பரில் பயிற்சியாளர் சாய்நாத் காலை ஏழு மணிப் பறப்பை எடுத்தார். எடுத்தவர் உடனே திரும்பினார்.

“சேசு, லெஃப்ட் மேக்னெட்டோ சரியில்லை.”

சேசுராஜ் அவர் கையைக் குறை சொல்லவில்லை. அங்கேயே மூடியைத் திறந்தார். பிளக் வயர்களில் கடற்கரை ஈரம். துடைத்துவிட்டு ஓட்டினால் சீராக ஓடியது. நிறுத்தி, தண்ணீர் தெளித்து ஓட்டினால் உதறியது. ஒரு வயர் அதைப் பிடித்திருந்த கிளிப்பில் உரசி மேலுறை தேய்ந்திருந்தது. ஈரத்தில் பொறி அந்த வழியே கசிந்துவிடும். ஒன்பது மணிக்குள் வெயிலில் ஈரம் காய்ந்துவிடும். வயரை மாற்றி, அதைப் பதிவேட்டில் எழுதினார். அக்டோபரில் ஏழு மணிக்குப் பறந்தவள் ஹரிதா ஒருத்திதான்.

வீட்டில் மனைவி ஏஞ்சலம்மாளிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி ஆயா.

“காலையில வலிக்குன்னு சொன்னவள ஒம்பது மணிக்குப் பாத்தா என்ன தெரியும்? அந்தப் புள்ளகிட்ட சொல்லியாச்சா?”

“இல்ல.”

“பொறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?”

ஞாயிற்றுக்கிழமை ஹரிதாவுக்குப் போன் செய்து கிங்ஸ் சர்க்கிளில் பார்த்தார். விக்ரோலியில் ஓர் ஆபீஸில் சேர்ந்திருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

“சாய்நாத் சார் சொன்னதும் எவ்வளவு நேரத்துல திறந்து பார்த்தீங்க?”

“அஞ்சு நிமிஷம்.”

அவள் தலையசைத்தாள்.

“திரும்ப வாங்க மேடம். நான் மேல பேசுதேன்.”

“அப்பா விடமாட்டார் அங்கிள். எனக்கும் என் கை மேல நம்பிக்கை போயிடுத்து. ஸ்கூட்டியைக்கூட வித்துட்டேன். அந்த வயர் பத்தி எழுதின பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கோ. அப்பாவுக்குக் காட்டணும்.”

மறுநாள் அனுப்பினார். பார்த்துவிட்டதாகப் போனில் நீலக் குறி விழுந்தது.

இப்போது ஏழு மணிக்கு யார் புகார் சொன்னாலும் ஏழு மணிக்கே திறக்கிறார். பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி. அந்த மூன்று வரிகளும் அவர் கையெழுத்தோடு அப்படியே இருக்கின்றன.