இசைத்தட்டில் அழுத பிள்ளை

கொலோனில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் கீழ்த்தளத்துக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார். பழைய அமெரிக்க இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். அதிலும் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டு என்றால் உயிரையே விடுவார். அவருக்குப் பிடிக்காத ஒரே சங்கீதம், மேல்மாடியில் நாங்கள்தான்.

பல் முளைக்கும் வயதில் மகள் பகலெல்லாம் அழுவாள். வீட்டு உரிமையாளருக்கு முறைப்பாடு போகும். நான் சமையலுக்கு உரலில் உள்ளி இடித்தால் அதற்கும் போகும். என் கணவர் உரலுக்கு அடியில் தலை துவட்டும் பழைய துவாயொன்றை மடித்து வைத்தார். அதற்குப் பிறகும் போனது. கடைசியில், இன்னுமொரு முறைப்பாடு வந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று உரிமையாளர் எச்சரித்துவிட்டார். அந்த நகரத்தில் கைக்குழந்தையோடு வீடு தேடுவது என்றால் என்னவென்று தேடியவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, ஞாயிறு பின்னேரம் தன் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வரும்படி எல்லாக் குடித்தனக்காரரையும் அவர் அழைத்தார். நான் வர மாட்டேன் என்றேன்.

"ஒருக்காப் போய்ச் சிரிச்சுக் கதைச்சிட்டு வருவம். ஆள் பழகீட்டால் பிறகு முறைப்பாடு எழுத மனம் வராது," என்றார் கணவர்.

"உங்களுக்கு எல்லாரும் நல்ல ஆக்கள்தான்," என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

கேக் கொடுத்தார். பிறகு, யாருமே அறியாத ஒரு பாடகனைப் பற்றிப் பேசினார். ரயில் பெட்டி கழுவியவனாம். வாடகை அறையில் இருந்தபடியே சில பாட்டுகளைப் பதிவுசெய்தானாம். படம் ஒன்றும் இல்லை, புதைத்த இடமும் தெரியாது. "சத்தம் போடுகிறான் என்று வீட்டுச் சொந்தக்காரி அவனைத் தெருவில் விட்டாள். அந்தக் குளிரிலேயே செத்துப்போனான்" என்றபோது அவருக்குக் கண் கலங்கியது. அந்த வீட்டுக்காரியை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

இசைத்தட்டை வைத்தார். கரகரப்புக்குள் நல்ல குரல். அதை மறுக்க மாட்டேன். பாட்டின் நடுவில் ஒரு குழந்தை அழுதது. அதற்கும் பின்னால் யாரோ எதையோ இடிக்கும் சத்தம். டொக், டொக். அவர் விரலை உயர்த்தி, "கேளுங்கள், இதுதான் இந்தத் தட்டின் உயிர்" என்றார்.

என் மடியிலிருந்த மகளும் அழத் தொடங்கினாள். அவர் முகத்தைச் சுளித்துக் கதவைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பி நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்: "அந்தப் பிள்ளை அழுதால் உயிர், என் பிள்ளை அழுதால் முறைப்பாடா?"

"அது வேறு. அது வரலாறு" என்றார்.

"அப்படியென்றால், எங்கள் சத்தம் உங்களுக்குப் பிடிக்க நாங்கள் முதலில் சாக வேண்டுமா?"

 கணவர் என் முழங்கையைப் பிடித்து, "கதைச்சது காணும், வாரும்," என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அடுத்த முறைப்பாடு போனது. வீடும் போனது.

புது வீடு நகரத்துக்கு வெளியே; வேலைக்கு ரயில் மாறிப் போக வேண்டும். சாமான் இறக்கியதும் கணவர் முதல் வேலையாக உரலைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் அந்தப் பழைய துவாயை மடித்து வைத்தார். கீழே யார் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்கு அப்போது தெரியாது. நான் துவாயை உருவி எடுத்துவிட்டு, உள்ளியைப் போட்டு இடித்தேன்.