போணி ஆகாத திங்கட்கிழமை

கொழும்பில் படித்த காலத்தில் என் மாதம் நான்கு விதமாக நடக்கும். மணியார்டர் வந்த முதல் வாரம் டிராமில் போவேன். இரண்டாம் வாரம் நடை. மூன்றாம் வாரம் டோபியை மறந்துவிட்டுச் சட்டையை நானே துவைப்பேன். நாலாம் வாரம் எந்த நண்பன் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பேன். ஆனால் எந்த வாரமும் கடையில் காசு கொடுத்துத் தேநீர் மட்டும் குடிக்கமாட்டேன். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் பிறந்தவன் தேயிலைத் தண்ணிக்குக் காசு கொடுப்பதா என்று ஒரு வீம்பு. வீம்புக்குச் செலவில்லை என்பதால் அதைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தேன்.

இப்படி ஒட்டுப் போட்டு ஓட்டுகிற வண்டியில் பெரிய மூட்டை ஏறினால் அச்சு முறியும். அப்படித்தான் பரீட்சைக் கட்டணம் வந்து ஏறியது. திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் கட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று சனிக்கிழமை பலகையில் ஒட்டினார்கள். கட்டாவிட்டால் ஒரு வருடம் பாழ். கடிதம் போட்டுப் பணம் வரவழைக்க நேரமில்லை. கையிலிருந்ததைச் சுரண்டி மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ஞாயிறு ரயிலில் ஏறினேன். வழியில் மண் சரிந்து ரயில் நெடுநேரம் நின்றுவிட்டது. ஹட்டனில் இறங்கும்போது கடைத்தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

போச்சு. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு, விளக்கு வைத்த பிறகு கல்லாவிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. ஞாயிறுதான் தோட்டத்துச் சனங்கள் சாமான் வாங்க வரும் நாள். கல்லாப்பெட்டி வயிறு முட்ட இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிக் கட்டணத்தைக் கேட்டேன்.

"காலையில வாங்கிக்க. லட்சுமி எங்கயும் ஓடிப்போயிட மாட்டா."

"காலையில எனக்கு ரயிலுங்கப்பா."

"போணி ஆன கையோட குடுத்துடுறேன்."

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். அது ரொக்கத்துக்கு ஆகவேண்டும். அதற்கு முன்னால் ஒரு சதம் வெளியே போனாலும் அன்று முழுக்கப் போய்க்கொண்டே இருக்குமாம். வேண்டுமானால் நானே ஒரு தீப்பெட்டி வாங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "என் காசுலயே எனக்குப் போணியா?" என்று கேட்டார்.

திங்கள் காலை மழையோடு விடிந்தது. முதல் நாள் சாமான் வாங்கிப் போன சனங்கள் அந்நேரம் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் கொடுக்க நிற்பார்கள். கடைத்தெருவுக்கு யார் வருவார்? அப்பா சாம்பிராணி போட்டுவிட்டுக் கல்லாவின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் குடை பிடித்து ஒருவர் வந்தார். அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஒரு ராத்தல் பருப்பு கேட்டார். அப்பா தராசைத் தூக்கும்போது, "சம்பளத்துல தர்றேங்க" என்றார்.

கடன் போணி, போணியே ஆகாததைவிடக் கேடு. அப்பா தராசை வைத்துவிட்டு, பிறகு வரச்சொல்லி அனுப்பினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஒரு வருசமே போயிடுங்கப்பா!" என்று கத்திவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். எதிரில் ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது. அந்தக் கடைக்காரரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. தன் ஆட்களோடு எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கங்காணியை அவர் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டார் என்பது வழக்கு. அவன் கை பட்டால் பச்சை மரமும் பட்டுப்போகும் என்பது அப்பாவின் தீர்ப்பு.

அதே அப்பா எழுந்து போய் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "அண்ணே, கொஞ்சம் வந்து ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க. பையன் பரீட்சைக்குக் காசு கட்டணும். இன்னும் போணி ஆகலை."

எதிர்க்கடைக்காரர் தம் கல்லாவைத் திறந்து காசு எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டபடி வந்தார். மஞ்சள் கேட்டார். அப்பா விலை சொன்னார். பாதி விலைக்குக் கேட்டார் மனிதர்! ரொக்கத்தோடு வந்த முதல் ஆளை வெறுங்கையோடு திருப்பக்கூடாது என்பதும் வியாபாரத்தில் ஒரு விதி; அது அவருக்குத் தெரியாதா?

"என்னங்க, பூச்சி விழுந்த மஞ்சளாட்டம் இருக்கு?" என்று மோந்து வேறு பார்த்தார்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலம் கட்டினார். வந்தவர் காசைக் கொடுத்துவிட்டு, "தம்பி, நல்லா எழுதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். கட்டணத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"சமயம் பாத்துப் பாதி விலைக்கு அடிச்சிட்டுப் போறாரே, மனுசனாப்பா அவரு?" என்றேன்.

"வாய மூடுடா. அவரு கடையிலயும் இன்னும் போணி ஆகலை."

காலையிலிருந்து நானும்தான் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈ, காக்கை ஏறவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அப்பா குடைகூட எடுக்காமல் எதிர்க்கடையில் நின்று சீனி கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் சீனி மூட்டை மூட்டையாக இருந்தது. அவர் விலைகூடக் கேட்காமல் காசை நீட்டினார்.