வெயிலில் பார்த்த பச்சை

கைப்பேசியில் பார்த்து வரவழைத்த பச்சை நூல்கண்டு இந்த முறையும் ரவிக்கைத் துணியோடு சேரவில்லை. பெட்டியைப் பிரித்ததும் எழுந்த புதுநூல் வாசனை மட்டும் அப்படியே ரோசலி அக்கா கடை வாசனை, அதுதான் எரிச்சலைக் கூட்டியது. காந்தி வீதிக்குப் பின்னால், அலமாரி அலமாரியாக நூலும் பித்தானும் அடுக்கியிருந்த அந்தக் கடையில், விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்து யாரும் நூல் வாங்கிவிட முடியாது. "வெளிய போயி வெயில்ல பாத்துட்டு வாம்மா" என்று அம்மாவையும் என்னையும் அக்கா வாசலுக்குத் துரத்துவார், அங்கே ஏற்கெனவே துணியும் நூலுமாக நாலு பேர் நிற்பார்கள், வழியில் போகிற மீன்காரம்மாகூடக் கூடையை இறக்கிவைத்து, "இது கிளிப்பச்ச, உன் துணி எலப்பச்ச, சேராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

வேறு நூல் தேடிக் கிளம்பிய நான், பழக்கத்தில் அந்த வாசலிலேயே போய் நின்று, துணியையும் நூலையும் வெயிலில் சேர்த்துப் பிடித்தேன். கடை இப்போது காபி கஃபே. வாசலில் பெரிதாக, 'உள்ளூர்க் கடைகளை ஆதரிப்போம்' என்று ஒரு போர்டு. வீதியில் இத்தனை பேர் போகிறார்களே, ஒருவராவது நின்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடைசியில் கஃபே ஊழியர் ஒருவர் வெளியே ஓடிவந்தார். இவராவது சொல்வார் என்று துணியை நீட்டினேன்.

"ஃபோட்டோ எடுக்கறீங்களா மேடம்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போர்டு மறையுது."