சுதி சேர்த்த நாற்பது நிமிடம்

பூம்பாறையில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் மைக் செட்டுக்குச் சுந்தரராஜைத்தான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தக் கொடைக்கானல் மலையில்தான்.

தொழிலில் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. பாடுகிறவர் வாயைத் திறக்கிற நொடி வரைக்கும் மைக்கைப் போட மாட்டார். வாயை மூடிய நொடியில் அணைத்துவிடுவார். இதற்குக் காரணம் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்தினார். வாழ்த்தி முடித்ததும், மைக் ஓடுவது தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் பெண்வீட்டுச் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார். அப்படியே பெண்ணின் அப்பாவைப் பற்றியும் சொன்னார். படிக்கட்டு வயல்களில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது. பந்தி பாதியில் எழுந்தது. இரண்டு குடும்பமும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சுந்தரராஜைத் திட்டுவதில் மட்டும் இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக இருந்தன.

இப்படிப்பட்டவரைத்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில், அதே மலையில் இருக்கிற பள்ளங்கிக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே மரத்தரை போட்ட ஒரு பழைய பங்களாவை மார்த்தா என்ற செக் நாட்டு அம்மா ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். ஜாஸ் வாசிக்கிறவர். சாக்ஸபோன், சின்ன கிளாரினெட், இடுப்புயரத்துக்கு நிற்கிற பெரிய கிளாரினெட், மூன்றையும் ஊதுவார். எழுதிவைத்த பாட்டு எதுவும் கிடையாது. அந்தந்த நேரத்தில் மனசில் வருவதை வாசிப்பார். ஊருக்கு ஊர் இரண்டு மூன்று கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த இடத்திலேயே பதிவு செய்து, இசைத்தட்டாக வெளியிடுவது அவர் வழக்கம். இந்தத் தடவை கூட வந்தவர்கள் இரண்டு பேர். சென்னையிலிருந்து டிரம்ஸ் வாசிக்கும் குருநாதன். ஆளுயர வயலின் மாதிரி ஒன்றை நின்றுகொண்டே வாசிக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர்.

இந்த விவரம் எதையும் சுந்தரராஜுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வேலை ஜெனரேட்டர் மட்டும்தான். அதன் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று கீழே கேரட் தோட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மேலே என்ன வாசித்தார்கள் என்று அவர் காதில் விழவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில், பதிவு செய்ய வந்திருந்த இன்ஜினியர் ஈரப்புல்லில் சறுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிப்போய் காரில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியில் போன் போட்டு, மைக் எல்லாம் சரியாக வைத்தாயிற்று, அவர்கள் ஆரம்பித்ததும் பதிவுப் பெட்டியில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும் என்று சுந்தரராஜிடம் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற சோலிதானே என்று சுந்தரராஜ் தைரியமாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்து அறை, நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல், காதில் ஹெட்போன், பட்டன் மேல் விரல்.

மார்த்தா பெரிய கிளாரினெட்டை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஊதாமலேயே துளை மூடும் சாவிகளை மட்டும் டக் டக் என்று தட்டினார். குருநாதன் விரலை நனைத்து டிரம்ஸ் தோலின் மேல் தேய்த்தார். பெங்களூர்க்காரர் வில்லை எடுத்து, வாசிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் தந்திகளின் அடிமுனையில் போய் அறுத்தார். சுதி சேர்க்கிறார்கள் என்று சுந்தரராஜ் காத்திருந்தார்.

பத்து நிமிஷம் போனது. கிளாரினெட் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தார். இருபது நிமிஷத்தில் மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு, கன்றைத் தொலைத்த மாடு மாதிரி அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினார். பாவம், வெளிநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து வாத்தியம் இப்படிப் படுத்துகிறதே என்று சுந்தரராஜுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நாற்பதாவது நிமிஷத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக அடங்கியது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். பெங்களூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்த்தா இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். ஒருவழியாகச் சுதி சேர்ந்துவிட்டது என்று சுந்தரராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து விரலைத் தயாராக வைத்தார்.

அவர்களோ வாத்தியத்தை வைத்துவிட்டு டீ குடிக்க வந்துவிட்டார்கள்.

சுந்தரராஜ் குருநாதனிடம் மரியாதையாகக் கேட்டார்: "சார், பாட்டை எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

குருநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். சிவப்பு விளக்கு எரியாத பெட்டியைப் பார்த்தார். சுந்தரராஜைப் பார்த்தார். பிறகு மார்த்தாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இத்தனை வருஷத்தில் இப்படி வாசித்ததே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மா, எழுந்து கேரட் தோட்டத்துப் பக்கம் நடந்து போய்விட்டார். குருநாதனும் ஒன்றும் திட்டவில்லை. பெட்டிக்குப் போய் அவரே சிவப்புப் பட்டனை அமுக்கி, இனிமேல் நாங்கள் ஊருக்குப் போகிற வரைக்கும் இதை அணைக்கவே வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சுந்தரராஜ் வாசலுக்கு வந்தார். வயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி முருகேஸ்வரி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இங்க வந்து என்ன செய்யப் போறீங்க? வெரசாப் போயி அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ் வேணுமாக்கும்?"

ஒரு மணி நேரம் கழித்து மார்த்தா திரும்பி வந்தார். சுந்தரராஜ் கூடத்தின் நடுவில் போய் நின்று, "மேடம், ஐ திங்க் ரிப்பேர்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மார்த்தா அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் ஒருவர்தான் அதைக் கேட்டவர், என்ன கேட்டீர்கள் என்று சொல்லுங்கள் என்று குருநாதன் மூலமாகக் கேட்டார். அந்த அம்மா கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சுந்தரராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தால் அது எந்த வயரில் என்று வாசலில் நின்றே சொல்கிற காது அவருக்கு.

"மொதல்ல காத்து மட்டும் வந்துச்சுங்க, பைன் காட்டுக்குள்ள வர்ற மாதிரி. அப்புறம் ஒரு எலி தகரத்து மேல ஓடுச்சு, அது நீங்க சார், டிரம்ஸ்ல தேச்சது. தூரத்துல மரம் அறுத்தாங்க, அது பெங்களூர் சாரு. பெறகு இந்தம்மா மாடு மாதிரி ஒரு தடவை கூப்பிட்டாங்க. பதில் வரலைங்க. திரும்பக் கூப்பிட்டாங்க, ஆனா கொஞ்சம் சின்னதா."

சொல்லிக்கொண்டே வாயால் செய்தும் காட்டினார். காற்றை ஊதினார், எலியாக ஓடினார், மாடாகக் கத்தினார். வெட்கம் போய்விட்டது. குருநாதன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்; தேவைப்படவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மார்த்தா கை காட்டி, அதை இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அந்த இடம் அவருக்கே மறந்து போயிருந்ததாம்.

மிச்சம் இரண்டு நாளும் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வாசித்தது, டீ குடித்தது, உப்புமாவில் உப்பில்லை என்று சொன்னது, தகரக்கூரையில் மழை பெய்தது, எல்லாம் அதில் ஏறியது.

ஏழு மாதம் கழித்து பார்சலில் இசைத்தட்டு வந்தது. பாட்டு மூன்றுதான். முதலாவதைக் கேட்டதுமே சுந்தரராஜ் குருநாதனுக்குப் போன் போட்டார். "சார், இது நெசமாவே சுதி சேர்த்ததுங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார். மார்த்தாவுக்கும் அது தெரியும் என்றும், அதைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்றும் குருநாதன் சொன்னார். இரண்டாவது பாட்டு, கடைசி நாளில் வாசித்தது. மூன்றாவது மூன்றரை நிமிஷம், சுந்தரராஜ் தனியாக, காற்றும் எலியும் மாடுமாக. அட்டையில் அவர் பெயருக்கு நேராகக் குரல் என்று போட்டிருந்தார்கள்.

முருகேஸ்வரி அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். அவள் தம்பி ராமர் முழுவதையும் கேட்டுவிட்டு, மச்சானுக்கு இப்போது உடம்பு பரவாயில்லையா என்று விசாரித்தான்.

அந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டு இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் பள்ளங்கிக்கு வருகின்றன. அந்த வாரங்களில் கல்யாண வேலையை ராமரிடம் விட்டுவிட்டு சுந்தரராஜ் வெள்ளனே கிளம்பிவிடுகிறார். இந்த இசை எப்படி என்று கேட்டால், ரெண்டு தடவை கேட்டா நல்லாத்தான் இருக்கு என்பார். போன மாதம் புதுச்சேரியிலிருந்து சாக்ஸபோன்காரர்கள் இரண்டு பேர் வந்தபோது முருகேஸ்வரிக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் மூன்று மணி நேரம் அசையாமல் கேட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, வாசிப்பு ஒன்றும் குறை சொல்ல முடியாது, டீயில்தான் இஞ்சி பத்தவில்லை என்றாள்.