மூத்தாள் வீட்டுத் தகரம்

அவினோவின் வீட்டுக் கூரையில் எந்த ஓட்டை எப்போது ஒழுகும் என்பது அவளுக்கு மனப்பாடம். மழை பிடித்ததும் முதலில் அடுப்புக்கு மேல் சொட்டும். பிறகு கதவோரம். காற்று ஏரிப் பக்கமிருந்து திரும்பிவிட்டால் நேராகப் பிள்ளைகள் படுக்கும் பாய் மேல். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கி வைத்திருந்தாள். வைப்பதும், நிரம்பியதைக் கொட்டுவதும், திரும்ப வைப்பதுமாகவே வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவளுடைய மழைக்காலங்கள் போயின. வருஷா வருஷம் சதுப்பில் இறங்கிப் புல் அறுத்து, தலையில் சுமந்து வந்து ஒட்டுப்போடுவாள். அவள் ஏணியைவிட்டு இறங்குவதற்குள் கரையான் ஏறிவிடும்.

புருஷன் ஒடேரா நல்லவன்தான், ஆனால் நல்லவனை வைத்து என்ன செய்வது? லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனபின் மரத்தடியில் உட்கார்ந்து பழைய ரேடியோவைக் கழற்றி மாட்டுவதுதான் அவன் தொழில். அவினோ அவனுக்கு இளையாள். மூத்தாள் பெர்சிலா. கள்ளி வேலிக்குள் வாசலைப் பார்த்து நிற்கும் பெரிய வீடு மூத்தாளுடையது. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பது இளையாளுடையது. இரண்டும் புல் வீடுகள்தான். பெர்சிலாவின் பிள்ளைகள் நைரோபிக்குப் போனார்கள், போன சூட்டோடு தாயை மறந்தார்கள். அவினோவுக்கு இரண்டு பெண்கள். அவர்களுக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தை ஒரு மழைக்காலத்தில் ஈரப்பாயில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, வேலியோரத்து மண்ணுக்குள் போய்விட்டது.

விடிந்ததும் அவினோ ஊரார் நிலத்தில் களையெடுக்கப் போவாள். கூலியாகக் கிடைக்கும் மக்காச்சோள மாவு அன்றைக்கே களியாகிக் காணாமல் போகும். ஊரார் நிலமெல்லாம் துப்புரவான பிறகு தன் நிலத்துக்கு வந்து பார்த்தால், அங்கே பயிரைக் காணோம், களைதான் செழித்து நிற்கும். அதனால் அடுத்த வருஷமும் ஊரார் நிலத்துக்கே போக வேண்டும். இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி அவள் இடுப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்படி ஒருநாள் அவள் புல்லுக்கட்டோடு வாசலில் நுழைந்தபோது, ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் கையில் பெரிய போன்களோடு பெர்சிலாவிடம் மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

"கடன் இல்லம்மா. திருப்பித் தர வேணாம். உங்க இஷ்டம்போல செலவு பண்ணிக்கலாம். பணம் ரெண்டு தவணையா போன்லயே வந்துரும்," என்றாள் அந்தப் பெண்.

"சும்மாவா குடுக்குறீங்க?"

"சும்மாதாம்மா."

"எலிப்பொறில கருவாடு வெக்கிறவனும் எலிக்குச் சும்மாதான் வெக்கிறான்!"

பெர்சிலாவைக் குற்றம் சொல்ல முடியாது. பசு தருகிறேன் என்று சங்கம் வைத்த ஒருவன் அவளுடைய ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவன்தான், இன்றுவரை வரவில்லை. போதாக்குறைக்குப் பிரசங்கியார் வேறு, இது ஏரியில் கிடக்கும் பாம்பின் பணம், வாங்குகிற வீட்டில் ஒரு பிள்ளையைக் கேட்கும் என்று கிளப்பிவிட்டிருந்தார். பெர்சிலா வாசலுக்கு வந்து, பக்கத்து வேலிகளில் தலைகள் முளைக்கும்படி கத்தினாள்.

"இந்தப் பாம்புப் பணம் என் கூரைக்குக் கீழ வராது! எல்லாரும் கேட்டுக்கங்க!"

வந்தவர்கள் அவினோவைப் பார்த்தார்கள். அவள் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, "என் பேர எழுதிக்கங்க," என்றாள்.

"பிள்ளைய வித்துத் திங்கப் போறியாடி?" என்றாள் பெர்சிலா. அவினோ தன் போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பணம் வந்தபோது அவள் யாருடைய சோளத்திலோ குனிந்திருந்தாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், திரும்பச் செருகிக்கொண்டாள், அந்த வரிசையை முடித்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டு வீட்டுக்கு வந்து படுத்தாள். பட்டப்பகலில் அவள் தூங்குவதைப் பார்த்து, மலேரியாதான் என்று அக்கம்பக்கத்தார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாளைக்கு மாவு இருக்கிறது, அவ்வளவுதான்.

மூட்டை மாவு வந்தது. பெண்களுக்குச் சீருடை வந்தது. பொடிக் கருவாட்டுக்குப் பதிலாக ஒருநாள் முழு மீனே வந்து, ஒடேரா முள்ளைக்கூட விடவில்லை. மிச்சத்துக்கெல்லாம் அவினோ தகரம் வாங்கினாள். தச்சன் ஏணியைச் சார்த்திப் பழைய புல்லில் கை வைக்கும் நேரத்தில், எந்நேரமும் உட்கார்ந்தே கிடக்கும் ஒடேரா கம்புகூட இல்லாமல் எழுந்து வந்துவிட்டான்.

"எறங்குடா கீழ! மூத்தா வீடு புல்லா கெடக்க, இளையா வீட்டுல தகரமா?"

"ஏங்க, ஒழுகுது..."

"ஒழுகட்டும். முறை தப்புனா ‘சீரா’ங்கிற சாபம் பிடிக்கும், தெரியும்ல? எங்க சித்தப்பா வீட்டுல என்ன ஆச்சு? பிள்ளைங்க ஒண்ணொண்ணா இளைச்சுப் போச்சே. நான் செத்தாப் பரவால்ல. அதுங்கள நெனச்சுப் பாரு."

பணம் கொடுத்தவர்கள் நிபந்தனை எதுவும் கிடையாது என்றார்கள். அவர்கள் பக்கம் கிடையாதுதான். நிபந்தனையெல்லாம் கள்ளி வேலிக்கு உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. முறை தப்பினால் பிள்ளை இளைக்கும் என்பதை அவினோ முழுசாக நம்பினாளா என்றால், இல்லை. ஆனால் ஒரு குழந்தையைப் புதைத்தவளுக்கு நம்பாமல் இருக்கவும் தைரியம் வராது. தச்சன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பெருமழை தொடங்கியது. கூரை மேல் இருக்க வேண்டிய தகரம் வீட்டுக்குள் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதன் மேலேயே மழை சொட்டி டங்டங்கென்று அடித்தது. இரண்டு தகடுகளைப் பிள்ளைகளின் பாய்க்கு மேல் கட்டித் தொங்கவிட்டாள். சின்னவள் அதற்கடியில் படுத்து இருமினாள். அந்த இருமல் அவினோவுக்குத் தெரிந்த இருமல். கொட்டும் மழையிலேயே முற்றத்தைக் கடந்து மூத்தாள் வீட்டுக்குப் போனாள்.

அங்கேயும் பாத்திரங்கள். பெர்சிலா ஒன்றைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, தகரத்த நீ போட்டுக்க. மொதல்ல உன் வீடு. அப்புறம் எனக்கு அடுத்த பணம் வரும்."

"பாம்புத் தகரத்த என் தலைக்கு மேலயா? ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கேன்டி நான். ஓசில வர்ற எதுவும் எனக்கு வேணாம்."

அவினோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெஞ்சக்கூட அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

"ஓசின்னு யாரு சொன்னா? கடனா வாங்கிக்க. திருப்பி வாங்காம விடமாட்டேன்."

பெர்சிலாவின் முகம் மாறியது. "கடனா?"

"ஆமா, கடன்."

"வட்டி?"

"வட்டியும் உண்டு."

"அப்படிச் சொல்லு, அது நியாயம்," என்று பெர்சிலா பெருமூச்சு விட்டாள். சும்மா கொடுப்பவனிடம்தான் அவளுக்குப் பயம். பிடுங்குகிறவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். "ஆனா எங்கிட்ட என்ன இருக்கு அடைக்க?"

"கை இருக்குல்ல? என் நெலத்துல களையெடு."

மழை வெறித்த நாட்களில் பெர்சிலாவின் வீட்டுக்குத் தகரம் ஏறியது. வாசலில் நின்ற ஒருத்தி, "என்ன மூத்தவளே, பாம்பு உன் கூரை மேலயே ஏறிருச்சே!" என்று கிண்டலடித்தாள். "கடன் வாங்கிப் போட்டது! உன்னை மாதிரி ஓசி இல்ல!" என்று பெர்சிலா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள்.

அடுத்த மழையில், தன் தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்தை அவினோ தன் ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரத்தோடு நின்று கேட்டாள். வயிறு எரிந்தது. அந்தப் பக்கமிருந்து பெர்சிலாவின் குரல் வந்தது.

"ஒரே சத்தம்டி! காதே அடைச்சுப் போச்சு! இதுக்கா இப்படி ஆலாப் பறந்த?" பிறகு, கொஞ்சம் பொறுத்து, "அந்த இருமுறவள இங்க கொண்டாந்து விடு."

சின்னவள் அந்த மழைக்காலம் முழுவதும் பெரியம்மா வீட்டில் படுத்தாள். இருமல் நின்றது.

பெர்சிலா சொன்ன சொல் தவறாமல் விடியும்போதே வந்துவிடுவாள். வேலையும் செய்வாள், வாயும் ஓயாது. "இதெல்லாம் ஒரு பாத்தியா? கோழிகூட இதைவிட நல்லாக் கிளறும்," என்பாள். ஊரார் நிலத்துக்குப் போகாமல் அவினோ பக்கத்து வரிசையில் குனிவாள். அந்த நிலத்தில் அவள் காலத்தில் முதல்முறையாகச் சோளம் களையைவிட உயரமாக நின்றது. இரண்டாவது பணம் வந்ததும் அவினோவின் வீட்டுக்கும் தகரம் ஏறியது. ஒடேரா ஏணியை அவனே பிடித்துக்கொண்டான்.

"கடன் முடிஞ்சுது அக்கா," என்று அவினோ சொன்னபோது பெர்சிலா முறைத்தாள். "வட்டி?" என்று கேட்டுவிட்டு மறுநாளும் வந்தாள்.

ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. களையெடுத்துக்கொண்டிருந்த இருவரும் ஓடி வந்து அவினோவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் அவினோ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். சொட்டவில்லை. கதவோரம் போனாள். அங்கேயும் இல்லை. பாத்திரத்தைப் பிடித்தபடி நடுவீட்டில் நின்றுவிட்டாள். கீழே வைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

பெர்சிலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்தப் பிள்ளைங்க வந்தப்போ, நீ எப்படிடி நம்புன?"

"நான் எங்க நம்புனேன்? பாம்புப் பணம்னுதான் நானும் நெனச்சேன்."

"பிள்ளையக் கேக்கும்னு தெரிஞ்சுமா சரின்ன?"

தலைக்கு மேல் மழை ஓங்கி அடித்தது.

"வேணாம்னு சொல்றதுக்கு ஒடம்புல தெம்பு இல்ல அக்கா," என்றாள் அவினோ. "அதுவும் போக, பழைய கூரை மட்டும் கேக்காமயா இருந்துச்சு? அதுக்கும் ஒண்ணு குடுத்தேனே."

பெர்சிலா எழுந்து வந்து, அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.