குளியல் தொட்டியில் ஒரு கெண்டை

குளியலறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். வெள்ளைத் தொட்டியில் முக்கால்வாசிக்குத் தண்ணீர். அதில் என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை மீன், வாயைத் திறந்து திறந்து மூடியபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நானும் அதைப் பார்த்தபடி நின்றேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மூன்று நாட்கள் இருந்தன. கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாள் குரல் கொடுத்தார். “சொல்ல மறந்துட்டேன். நாளான்னிக்கு வரைக்கும் குளிக்க முடியாது. முகம் கழுவுற தொட்டியில சமாளிச்சுக்கோ.” நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் பேச்சு என் நினைவில் எப்போதும் தமிழாகத்தான் வருகிறது.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்த என்னை, ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் ஒரு வருடத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். சென்னைக்குத் தெற்கே, எங்கள் ஊரான கோவளத்தில் அலைச்சத்தம் கேட்டே தூங்கிப் பழகிய எனக்கு முதல் சில வாரங்கள் காது அடைத்துக்கொண்டது போலவே இருந்தது. எனக்கு மாடியறையைக் கொடுத்தவர் அதே பள்ளியின் புவியியல் ஆசிரியை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வருடத் தொடக்கத்தில்தான் கணவர் இறந்திருந்தார். அதைப் பற்றி ஒரே ஒரு முறை, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். பிறகு பேசவில்லை. வகுப்பில் கண்டிப்பானவர் என்று பெயர். வீட்டில் கண்டிப்பைவிட மௌனம்தான் அதிகம்.

டிசம்பர் பிறந்ததும் பள்ளி வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆசிரியர் அறை மேசையில் ஊசியிலைக் கிளைகளை வளையமாகக் கட்டி, வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். காரிடார் முழுக்க ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் மணந்தது. “பனி இல்லாம எப்படி மிஸ் கிறிஸ்துமஸ் வரும்?” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உண்மையான கவலையோடு கேட்டார்கள். மூங்கில் குச்சியும் கலர் காகிதமும் ஒட்டிச் செய்யும் நட்சத்திரங்கள், அன்றைக்கு மட்டும் கடலுக்குப் போகாமல் மணலில் வரிசையாகக் கிடக்கும் படகுகள், மாதா கோயில் வாசலில் நிற்கும்போதே வியர்வையில் நனைந்துவிடும் புதுத்துணி, அடுத்த தெரு பாய் வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் அதைப் படம் வரைந்து காட்டினார்கள். தேவாலயம், தென்னை மரம், படகு எல்லாம் சரியாக இருந்தது. தென்னை ஓலை மீது மட்டும் பனி கொட்டியிருந்தது.

கெண்டை விஷயம் இதுதான். வீட்டுக்கார அம்மாளின் குடும்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கேயிருந்து அங்கு வந்து குடியேறியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கெண்டை மீன் சாப்பிடுவது அவர்களுடைய பழக்கம். உயிரோடு வாங்கி, சேற்று வாடை போவதற்காக நல்ல தண்ணீரில் விட்டு வைப்பார்கள். அன்று காலையில் அதைக் கொன்று சுத்தம் செய்வது கணவர் வேலை. இந்த வருடமும் கால் தானாகவே மீன்காரரிடம் போய் நின்றுவிட்டது என்றார். வாங்கி வந்த பிறகுதான், இனி அதை யார் வெட்டுவது என்ற கேள்வியே அவருக்கு வந்தது. மறுநாள் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவனும் மருமகளும் சாயங்காலம்தான் வருவார்கள். “ஆத்துல விட்டுடுங்க, கடையில துண்டு போட்டது கிடைக்கும்” என்றானாம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இருபத்து நான்காம் தேதி காலையில் நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டி விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மரச்சுத்தி.

“என்னால ஆகாது. இந்த வருஷம் மீன் வேண்டாம். உருளைக்கிழங்கு சாலட் போதும். பண்டிகையே இல்லன்னாலும் பரவாயில்ல” என்றார்.

நான் ஏன் உடனே சுத்தியை வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். என் நைனா மீன் பிடிப்பவர். அம்மா கூடையில் சுமந்து கேளம்பாக்கம் வரை போய் விற்றவள். ஆனால் மகள் மீனைத் தொடக் கூடாது என்பது நைனா போட்ட சட்டம். ஏலம் விடும் நேரத்தில் கடற்கரைப் பக்கம் தலை காட்டினால்கூடத் திட்டு விழும். “படிக்கிற கையி. அதுல கவிச்சி வாடை வரக்கூடாது” என்பார். அம்மா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. நைனா கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “ஐயோ பாவம்னு பாத்துகினு நின்னீன்னா அதுக்குத்தான்டி வலி. ஒரே தட்டு. கண்ண மூடாத.” நைனாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டதை நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு செய்ய வேண்டியே வரவில்லை.

“குடுங்க” என்று சுத்திக்குக் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?” “எங்க அம்மா சொல்லிக்குடுத்தது.”

ஈரத் துணியில் பொத்திப் பலகையில் வைத்து ஒரே தட்டில் முடித்தேன். கண்ணை மூடவில்லை. கையிலிருந்து வழுக்காமல் இருக்க அம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். அந்த வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி சாம்பல் அள்ளி வந்தபோது வீட்டுக்கார அம்மாள் புரியாமல் பார்த்தார். செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, பித்தப்பை உடையாமல் குடலை வெளியே எடுக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். வாழ்நாளெல்லாம் அந்த மீனைச் சாப்பிட்டிருந்தும் இந்த வேலையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லையாம். கணவர் கதவைச் சாத்திக்கொள்வாராம். “உள்ள என்னவோ பெரிய சண்டை நடக்குதுன்னு நெனச்சேன். அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. நான் கை கழுவாமல், செதிலோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி மீனை அவர் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தார். மீதியை, அம்மா கட்டிக் கொடுத்திருந்த மிளகாய்த்தூளும் புளியும் போட்டு நான் குழம்பு வைத்தேன். சாயங்காலம் வந்த மகன் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டான். மூக்கிலிருந்து நீர் வழிய வழியச் சாப்பிட்டான். தன் அப்பா ஒரு முறை தொட்டியிலிருந்து துள்ளிய மீனைப் படிக்கட்டில் துரத்திய கதையை அவன் சொல்ல, வீட்டுக்கார அம்மாள் நடுவில் புகுந்து திருத்தினார். அப்பாவைப் பற்றி அந்த வருடத்தில் அவர்கள் சேர்ந்து பேசியது அன்றுதான் என்று மருமகள் பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு செதிலைக் கழுவி என் கைப்பைக்குள் வைத்தார்கள். வருடம் முழுக்க ராசியாம். அது பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் கோவளத்தில் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தேன். சொல்லி வைத்திருந்ததால் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏரி மீனா? மதுராந்தகத்து மீனு மாரி மண்ணு வாடை அடிக்குமேடி. புளி கூடப் போட்டியா?” என்றாள். பிறகு, “தோ, நைனா கேட்டுகினே நிக்கிறாரு” என்று ரிசீவரைக் கொடுத்துவிட்டாள்.

நைனா இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

“அம்மாந்தூரம் போயும் மீனுதான் அறுத்துகினு கீறியா பாப்பா?”

“வேற யாரும் இல்ல நைனா. அந்த அம்மாவால முடியல.”

“யாரு சொல்லிக்குடுத்தா, உங்கம்மாளா?” நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு குரல் மாறியது. “எம்மாம் எடை இருக்கும்?”

“மூணு கிலோ இருக்கும் நைனா.”

“நல்ல மீனுதான்” என்றார். அந்த ஊரில் சூரியனே தெரியாத அந்த மாதத்தில், என் மனது முழுக்க வெயில் அடித்தது அப்போதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு டிசம்பரில், வீட்டுக்கார அம்மாள் இங்கே கோவளத்துக்கு வந்தார். மாமல்லபுரத்தில் அறை எடுத்திருந்தார். ஆனால் பொழுதெல்லாம் எங்கள் வீட்டில்தான். அன்று அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு சுற்றுலா விடுதியின் கார் நிறுத்தம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அம்மா அருவாமனையோடு உட்கார, தனக்கும் ஒரு மீன் வேண்டும் என்று சைகையில் கேட்டு அவரும் மணலில் சம்மணம் போட்டார். ஒரு சங்கரா மீனை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. செதில் அவர் கண்ணாடியில் ஒட்டியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நைனா சற்றுத் தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல வாசற்படியில், கை படாத தூரத்தில் நின்றிருந்தேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

“இன்னாத்துக்கு நின்னுகினு கீற பாப்பா? அந்த அம்மாவுக்குக் கை வரல பாரு. குந்து. நீ காட்டிக்குடு.”

நான் புடவையைச் செருகிக்கொண்டு அம்மாவுக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.