கெர்னலுக்குக் கவாத்து

நடந்தது இதுதான், வரிசைப்படி:

1. ஓடைப்பட்டியில் அண்ணனும் மதினியும் வைத்திருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு, தண்ணீர் வால்வைத் தானாகத் திறந்து மூடும் ஒரு சிறு பெட்டி செய்தேன்.
2. பெட்டிக்குள் இருந்த நினைவகம் போதவில்லை. அதனால் இயங்குதளத்தின் கெர்னலில் தேவையில்லாததை எல்லாம் வெட்டினேன்.
3. தேவையானதையும் வெட்டினேன்.
4. வால்வு திறந்தது.
5. மூடவில்லை.
6. அந்த நேரத்தில் நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில், கெர்னலை எவ்வளவு சிறிதாக்கினேன் என்று மாணவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறாவதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மதினி அதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார்.

பட்டியல் போடுவது எனக்கு வியாதி. பழனிசெட்டிபட்டி வீட்டு மாடி அறைதான் என் அலுவலகம். அங்கே எந்த அலமாரியில் எந்த வயர் என்பதற்கும் பட்டியல் உண்டு. கெர்னல் வேலை பிடித்துப்போனதும் அதனால்தான். வன்பொருளுக்கும் நாம் ஓட்டும் நிரல்களுக்கும் நடுவில் நிற்பது கெர்னல். அதைத் தயாரிக்கும் முன் நீளமான ஒரு பட்டியல் வரும்: இது வேண்டுமா, வேண்டாமா. சில பகுதிகளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய கணினியில் அது தெரியாது. உள்ளங்கை அளவுப் பெட்டியில் இடித்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்ல ஒரு வழி செய்து கொடுப்பது என் வேலை.

இதை மதினிக்குக் கவாத்து என்று விளக்கினேன். அறுவடை முடிந்ததும் திராட்சைக் கொடியை வெட்டிவிடுவார்கள். அந்தக் கவாத்துக்குப் பிறகுதான், கொடியில் விட்டுவைத்த கண் எனும் மொட்டுகளிலிருந்து, புதுத் தளிரும் அடுத்த காய்ப்பும்.

“அப்ப நீயும் எங்க கூட்டந்தான்,” என்றார் மதினி. “எத்தன கண்ணு விட்டு வெட்டுன?”

“கண்ணெல்லாம் இல்ல மதினி. வேணாங்கிறத வெட்டுறது, அம்புட்டுத்தான்.”

“கண்ணு விடாம வெட்டுனா அதுக்குப் பேரு கவாத்து இல்லத்தா. வெறகு.”

சிரித்தேன். கல்லூரிப் பேச்சுக்கு ஆகும் என்று அந்த வரியைக் குறித்தும் வைத்துக்கொண்டேன். வேறு எதற்கும் ஆகும் என்று தோன்றவில்லை.

நான் வெட்டியது அலாரப் பகுதியை. ‘இத்தனை நிமிடம் கழித்து என்னை எழுப்பு’ என்று நிரல்கள் கெர்னலிடம் சொல்லிவைக்க உதவுவது அது. அந்த இடத்தில், யாராவது கேட்டு வந்தால் ‘அந்த வசதி இங்கே இல்லை’ என்று பதில் சொல்லும் சிறு துண்டு ஒன்றை வைத்தேன். அதுவரை ஒழுங்குதான். வால்வை இயக்கும் நிரலையும் சில மாதங்களுக்கு முன் நானே எழுதியிருந்தேன். அது வால்வைத் திறக்கும். நாற்பது நிமிடத்தில் எழுப்பு என்று கெர்னலைக் கேட்கும். வரும் பதிலைக் காதில் வாங்காமல் தூங்கப் போய்விடும்.

இல்லாத வசதியை ஒரு நிரல் கேட்கிறது என்று கெர்னல் ஒரு வரி எழுதிவைத்திருக்கும். ஆனால் செய்தி எழுதும் அந்தப் பகுதியை முந்தின வாரமே வெட்டியிருந்தேன். மோட்டார் அறையில் கேட்க ஆளில்லாதபோது கெர்னலுக்கு வாய் எதற்கு என்று என் கைப்பட எழுதிய குறிப்பு இப்போதும் இருக்கிறது.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. என் மேசை மேல் வால்வு டக்கென்று திறந்தது. அது மூட இன்னும் நாற்பது நிமிடம் ஆகும், எனக்குப் பசித்தது. பட்டியலில் ‘வால்வு’ என்ற வரிக்கு எதிரே டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பெட்டியை மாட்டியபோது அறுவடைக்கு நான்கு நாள் இருந்தது. பழுக்கிற சமயத்தில் திராட்சைக்குத் தண்ணீர் மிஞ்சினால் பழம் வெடிக்கும். வெடித்த பழம் கொத்தையே கெடுக்கும், வியாபாரி தொடமாட்டார். அண்ணனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கவாத்திலிருந்து அதுவரை அந்தக் காய்ப்பை மதினி தனியாகப் பார்த்திருந்தார். அன்று காலை, பெட்டியை நம்பி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று போயிருந்தார்.

நான் மேடையிலிருந்து இறங்கியதும் போன் வந்தது.

“ஏத்தா, ஒன் பெட்டி எம்புட்டு நேரத்துல மூடும்?”

“நாப்பது நிமிசம் மதினி.”

“தொறந்து மூணு மணி நேரம் ஆச்சு. இங்கன பள்ளத்துல தரை தெரியல. நான் கையால மூடிப்புட்டேன். நீ பேசி முடிச்சிட்டு மெதுவா வா.”

அந்த ‘மெதுவா’வைக் கேட்டபின் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்ட முடியவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் மதினி முடிவெடுத்திருந்தார். பந்தலுக்கடியில் பள்ளத்து வரிசைகளில் நீர் தேங்கியிருந்தது. பழம் இன்னும் வெடிக்கவில்லை. ஓரிரு நாளில் வெடிக்கும். நான்கு நாள் கழித்து வர இருந்த வியாபாரியை மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

“இனிப்பு ஏறியிருக்காதே,” என்றேன்.

“வெடிச்சப்பறம் இனிச்சு யாருக்கு? காலைல வெள்ளன வா.”

போனேன். விடிவதற்குள் பள்ளத்தில் அங்கங்கே வெடிக்கத் தொடங்கியிருந்தது. மதினி ஒரு சின்னக் கத்தரிக்கோலை என் கையில் வைத்தார். கொத்துக்குள் வெடித்த பழத்தை மட்டும், பக்கத்துப் பழத்தில் நுனி படாமல், வெட்டியெடுக்க வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொன்றாக. இந்த முறை நிதானமாகப் பார்த்தேன்.

வியாபாரி வந்து ஒரு பழத்தை வாயில் போட்டார். “லேசாப் புளிக்குதேம்மா.”

“நாலு நாள் முந்தி வரச் சொன்னா புளிக்கத்தான் செய்யும்ண்ணே.”

அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. “இது யாரு?”

“எங்க நாத்தனா. கம்ப்யூட்டருக்குக் கவாத்துப் பண்றாக.”

என்னைவிடப் பதினோரு வயது மூத்த மதினி எனக்கு ‘ஆக’ போட்டு மரியாதை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். வியாபாரி பழத்தை மென்றபடி தலையாட்டினார். அந்த மரியாதை எனக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் தோட்டம் முழுக்க நடந்து பார்த்தார். கடைசியில் பள்ளத்து மூன்று வரிசையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மதினி அந்த மூன்று வரிசையின் கொத்துகளை வெட்டிக் கீழே போடத் தொடங்கினார்.  நான் பட்டியல் எதுவும் போடவில்லை.

இப்போதைய நிலை இது. அலாரப் பகுதியும் செய்திப் பகுதியும் கெர்னலுக்குள் திரும்பிவிட்டன. இடத்துக்காக வேறு இரண்டை வெட்டினேன். அவற்றை எந்த நிரலாவது கேட்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்த பிறகு. என் மேசை முன் நாற்பது நிமிடம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன், வால்வு மூடியது. மதினி அடுத்த கவாத்தை முடித்துவிட்டார். பெட்டியை மறுபடி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறேன்.  ஓடைப்பட்டியில் இன்னும் வால்வைக் கையால்தான் மூடுகிறார்கள்.